அறைக்குள் சொன்னது

என் மகளின் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. 'இருந்தது' என்று இறந்த காலத்தில் எழுத நேர்ந்தது ஏன் என்பதைச் சொல்லவே உட்கார்ந்திருக்கிறேன்.

அரசின் கணினிகளைக் காக்கும் பிரிவுக்கு அவள் தலைவியாக இருந்தாள். மருத்துவமனை, குடிநீர் வாரியம், ஓய்வூதிய அலுவலகம் என எங்கே திருடர் கணினிக்குள் புகுந்தாலும், அவர்களை வெளியேற்றி, சிதைந்தவற்றைச் சீர்ப்படுத்துவது அப்பிரிவின் வேலை. எல்லாம் முடிந்து, அனைவரும் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்த பின், ஓர் அறையில் கூடுவார்கள். அதற்கு மீளாய்வு என்று பெயர். கைப்பேசிகளை வாசலிலேயே ஒரு பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும். கதவைச் சாத்திய பின், அறையில் பதவியால் மூத்தவர் எவரோ, அவர்தாம் முதலில் எழுந்து தம்முடைய பிழையைச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் சொன்ன பிறகுதான் கீழே இருப்பவர்களுக்கு வாய் திறக்கும். என்ன பிழை என்பது மட்டும் எச்சரிக்கையாக எல்லா அலுவலகங்களுக்கும் போகும். யார் பிழை என்பது அந்தக் கதவைத் தாண்டாது.

முதன்முதலில் இதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். சன்னல் கண்ணாடியை உடைத்தவன் யார் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டு, ஒருமுறைகூட நேரான விடை பெறாமலேயே பணி ஓய்வு பெற்றவன் நான்.

"சொல்றவங்களுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கிடையாதுப்பா."

"அப்புறம் யார் பயப்படுவாங்க?"

"யாரும் பயப்படக் கூடாதுன்னுதானே இந்தக் கூத்தெல்லாம். திருடன் எந்த வழியா வந்தான்னு தெரிஞ்சாதான் அடுத்த வீட்டுக் கதவைப் பூட்ட முடியும். பயந்தா மறைப்பாங்க. மறைச்சா அடுத்த வீடும் போச்சு. நீங்க 'யாருடா உடைச்சது'ன்னு பிரம்போட நின்னுக்கிட்டுக் கேட்டீங்க. அதான் பதில் வரல."

என் மனைவி அடுக்களையிலிருந்து, "நல்லாக் கேளுடி" என்றாள்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலையில், அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் எக்ஸ்ரே படங்கள் ஒரே நேரத்தில் மறைந்தன. திரையைத் தட்டினால் பூட்டின் படமும் கப்பம் கேட்கும் வாசகமும்தாம் தெரிந்தன. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. நோயாளிகளின் உறவினர்கள் பரண்களிலிருந்து பழைய படங்களைத் தேடி எடுத்து வர, மருத்துவர்கள் அவற்றைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். என் மகள் வீட்டுக்கு வருவது குளிப்பதற்கு மட்டும் என்றாயிற்று. அவ்வாரத்துக்குள் கப்பம் ஏதும் கட்டாமலே படங்களை மீட்டுவிட்டார்கள். அதைத் தொலைக்காட்சியில் எவரும் காட்டவில்லை.

அதற்குள் அமைச்சர் ஒரு சட்டத்தை அறிவித்துவிட்டார். நாடு முழுவதற்கும் இணையப் பாதுகாப்புக்கு ஒரே தலைவர். எந்தத் துறைக்கும் ஆணையிடும் அதிகாரம் அவருக்கு. அவரை அமைச்சர் நினைத்தபடி நீக்க முடியாது. உண்மையிலேயே நல்ல சட்டம். என் மகளின் பிரிவினர் நெடுநாளாகக் கேட்டு வந்ததும் அதுவே. வரைவைத் தயாரிக்கும் பணியில் அவளையும் சேர்த்தார்கள். முதல் தலைவராக அவளையே அமர்த்துவார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டதாகவும் கேள்வி. அவள் அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்குப் பதவியை விட, அச்சட்டத்தில் சேர வேண்டிய ஒரு பிரிவின் மேல்தான் கண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைவை என்னிடம் கொண்டு வந்தாள்.

"அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. ஒரே வாக்கியத்துல ஆறு 'மற்றும்' வருது."

"இதை எழுதினவர் பள்ளிக்கூடம் போனாரா?"

"சட்டத் துறைச் செயலாளர்ப்பா."

"நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே."

அவள் கேட்டுக்கொண்ட பிரிவை நானே வாக்கியமாக அமைத்தேன்: 'மீளாய்வில் ஒருவர் தம் பிழையைத் தாமே எடுத்துரைப்பாராயின், அக்கூற்றை அவருக்கு எதிராக எவ்விடத்தும் எவரும் பயன்படுத்தலாகாது.' அவள் உரக்கப் படித்துப் பார்த்து, "இது இருந்தா போதும்பா. மீதியை யார் எப்படி எழுதினாலும் பரவாயில்ல" என்றாள்.

அச்சட்டத்தை ஆராயும் நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைவராக அமர்ந்தவர் என் மைத்துனர். அதாவது என் மனைவியின் தம்பி. வழக்குரைஞர், நாடாளுமன்ற உறுப்பினர். சட்டம் படித்த ஆண்டுகளில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். என் மகள் நடை பழகியது அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு. அவருக்கு எங்கள் குடும்பத்தில் சர்க்கரை என்று பட்டப்பெயர். கடன்காரன் வந்து கதவைத் தட்டினாலும், அவனைச் சிரிக்க வைத்துத் திருப்பியனுப்பும் நாக்கு அவருக்கு.

அன்று மாலையே அவர் வந்தார். பிரிவைப் படித்தார்.

"அத்தான் எழுதினதா? பார்த்தாலே தெரியுது. நிமிர்ந்து நிக்குது வாக்கியம்" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா பாப்பா, இதை எப்படிம்மா நிறைவேத்துறது? தப்பு பண்ணவனுக்குக் குடை பிடிக்கிற சட்டம்னு எதிர்க்கட்சிக்காரன் தொண்டை கிழியக் கத்துவானே."

"நேர்ல பார்த்தா உங்களுக்கே புரியும், மாமா."

"அப்ப நேர்லயே காட்டேன். மருத்துவமனை விஷயத்துக்கு இன்னும் மீளாய்வு நடக்கலதானே? ஒரு மூலையில உட்கார்ந்துக்கறேன். வாயைத் திறக்க மாட்டேன்."

"நீ வாயைத் திறக்காம இருக்கப்போறியா?" என்றாள் என் மனைவி. "அதைப் பார்க்க நானும் வர்றேன்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மீளாய்வுக்கு வெளியாளை அழைத்து வந்ததே இல்லை. அப்பிரிவில் அதை எவரும் விதியாக எழுதி வைக்கவில்லை. சோற்றில் மண்ணைப் போடாதே என்று எவரும் எழுதி வைப்பதில்லையே, அதுபோல. ஆகவே மைத்துனர் மீளாய்வுக்கு வந்த அன்று காலையில் எதிர்ப்புத் தெரிவிக்க ஒருவர்தாம் முன்வந்தார். குடிநீர் வாரியத்தின் கணினிப் பொறியாளர் அவர். மற்ற அலுவலகங்களின் பொறியாளர்களும் மீளாய்வில் உட்காருவதுண்டு. அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. குரலைத் தாழ்த்தத் தெரியாத மனிதர். அவர் என் மகளோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "தொலைபேசி எதுக்கு, சன்னலைத் திறந்தா போதுமே" என்பாள் என் மனைவி. அந்த அறையில் நடந்தவற்றை நான் பிற்பாடு அவர் வாயிலாகவே அறிந்தேன்.

"வெளியாள் வேண்டாம் மேடம்" என்று தாழ்வாரம் முழுவதும் கேட்கச் சொன்னாராம்.

"வெளியாள் இல்ல. என் மாமா."

"உங்களுக்கு மாமா. எனக்கு எம்.பி."

"அவர் பார்த்தாதான் அந்தப் பிரிவு சட்டத்துல நிக்கும். நம்ம எல்லாருக்கும் சேர்த்துதான் கேக்கறேன். என்னை நம்புங்க."

"உங்களை நம்பறதுல எனக்கு என்ன மேடம் கஷ்டம்?" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாராம்.

மைத்துனர் தம் கைப்பேசியைத் தாமே எடுத்துக் கூடையில் வைத்தார். மூலையில் அமர்ந்தார். கதவைச் சாத்தினார்கள். என் மகள் எழுந்தாள்.

எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் கருவிகளை ஒரு தனியார் நிறுவனம் பராமரித்து வந்தது. உள்ளே வந்து வேலை பார்ப்பதற்காக அவர்களுக்கு ஒரு நுழைவுக் கணக்கைக் கொடுத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அதை மூட வேண்டும். எலும்பு முறிவுப் பிரிவு மருத்துவர்கள், பழைய படங்களைப் புதிய கருவிக்கு மாற்றி முடிக்கும்வரை மூட வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அவள் இசைந்தாள். பிறகு வேறு வேலைகள் குவிந்தன, மூடாமலே விட்டுவிட்டாள். அந்நிறுவனத்தில் எவனுடைய கடவுச்சொல்லோ களவுபோக, திருடர்கள் அந்த வழியாகவே வந்தார்கள்.

"அந்தக் கணக்கைத் திறந்து வெச்சது என் வார்த்தை. மூட மறந்தது என் தப்பு" என்று தொடங்கினாள். அதன்பின் மற்றவர்கள் வரிசையாகப் பேசினார்கள். எச்சரிக்கை மணி அடித்தும் கவனிக்காதவர், காப்புக்காக எடுத்து வைத்த நகலைச் சோதிக்காமலே சோதித்ததாகக் குறித்தவர், எல்லாரும் மறைக்காமல் சொன்னார்கள். பழைய கணக்குகளை மூடுவதற்கென்றே தனியாக ஆள்கள் வேண்டும் என்று பிரிவினர் அமைச்சகத்தைப் பலமுறை கேட்டும், ஒவ்வொரு முறையும் அமைச்சர் மறுத்ததையும் சொன்னார்கள். நண்பகலுக்குள் எல்லா ஓட்டைகளும் தெரிந்துவிட்டன. மாலைக்குள் எல்லா அலுவலகங்களுக்கும் எச்சரிக்கை போயிற்று. அப்படிப் போனதனால், ஓய்வூதிய அலுவலகத்தில் அதேபோல் திறந்து கிடந்த ஒரு கணக்கைக் கண்டுபிடித்து அன்றே மூடினார்கள்.

வாசலில் மைத்துனர் அவளுடைய கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். கண் கலங்கியிருந்ததாம். "இதுதான்மா தலைமை. இதைவிட வேற என்ன வேணும்?" என்றாராம். ஒலிபெருக்கி என்னிடம், "நானே ஏமாந்துட்டேன் சார். அவர்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன், வெளியாள்னு சொன்னதுக்கு" என்றார்.

குழுவின் விசாரணையைத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். என் மகள் சாட்சியாக வந்து அந்தப் பிரிவுக்கு ஆதரவாகப் பேசுவதாக ஏற்பாடு. என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவையும் அழைத்து உட்கார வைத்திருந்தாள். "கேள்வி கேக்கறது என் தம்பி, பதில் சொல்றது என் பொண்ணு" என்று அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மைத்துனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதிகாரி அவர்களே, நேரடியா ஒரு கேள்வி. திருடர்கள் பயன்படுத்தின அந்த நுழைவுக் கணக்கை மூட வேண்டாம்னு சொன்னது யாரு?"

என் மகள் அவரைப் பார்த்தாள். திரையில் அவளுடைய முகம் சிறிதாகத்தான் தெரிந்தது. ஆயினும் பெற்றவர்களுக்குப் போதுமான அளவில் தெரிந்தது.

"தலைவர் அவர்களே, அது மீளாய்வுல பேசின விஷயம்."

"எங்க பேசினதுன்னு நான் கேக்கல. யாருன்னு கேட்டேன்."

"அங்க பேசறது வெளிய வராதுங்கற நம்பிக்கையிலதான்..."

"மக்களுக்குத் தெரியக் கூடாதுங்கறீங்களா?" அவையில் சலசலப்பு. அவர் அது அடங்கும்வரை பொறுத்திருந்தார். "'அந்தக் கணக்கைத் திறந்து வெச்சது என் வார்த்தை. மூட மறந்தது என் தப்பு.' இது நீங்க சொன்னதா, இல்லையா?"

சொல் பிசகாமல் சொன்னார். எதையும் எழுதிக்கொள்ளாமல், கைப்பேசியைக் கூடையில் போட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறார்.

அவள் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். அறையிலிருந்த எவரும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவருக்கும் தம் காதைத் தவிர வேறு சான்று இல்லை.

"நான் சொன்னதுதான்" என்றாள். "ஆனா, ஆள் வேணும்னு அமைச்சகத்தை..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும். நன்றி."

பக்கத்து வீட்டு அம்மா ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். என் மனைவி திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். மறைத்து நின்றாள் என்பதே சரி. "இவன் அதுக்காகத்தான் போனானா?" என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் செய்தித்தாள்களில் 'கதவைத் திறந்து வைத்த அதிகாரி' என்று தலைப்பிட்டிருந்தார்கள். அமைச்சர் மறுத்ததைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை. 'தவறு செய்தவர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட பாதுகாப்பு' என்று சொல்லி அந்தப் பிரிவை வரைவிலிருந்து நீக்கினார்கள். நான் அமைத்த வாக்கியம் என்பதனால் வருந்துகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். வாக்கியத்தை என்னால் இன்னொன்று எழுத முடியும். அதன் இடத்தில் வேறொன்றைச் சேர்த்தார்கள்: எச்சரிக்கை எதுவாயினும் தலைவர் வழியாகவே போக வேண்டும், பிழைக்குப் பொறுப்பானவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். தலைவர் இத்துறையில் பல்லாண்டு பணியாற்றியிருக்க வேண்டும் என்னும் விதியோடு, 'அல்லது பொதுவாழ்வில் போதிய பட்டறிவு உடையவராக இருத்தல் வேண்டும்' என்றும் ஒட்டினார்கள். சட்டம் நிறைவேறிற்று. மைத்துனர் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். நாட்டின் முதல் இணையப் பாதுகாப்புத் தலைவராக உறுதிமொழி ஏற்றுக்கொண்டார்.

என் மகளை வேலையை விட்டு நீக்கவில்லை. அரசு அலுவலகங்களுக்கு மேசை நாற்காலி வாங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் நாள் போய்விட்டு வந்தவளிடம், "என்னம்மா வேலை?" என்று கேட்டேன். "சக்கரம் வெச்ச நாற்காலியா, வெக்காததான்னு முடிவு பண்ணணும்ப்பா" என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதவியேற்ற அடுத்த வாரம் மைத்துனர் வந்தார். புதிய கார், ஓட்டுநர், பெரிய பழக்கூடை. கூடையை நீட்டினார், என் மனைவி கையை நீட்டவில்லை. அவரே அதைச் சுவரோரம் வைத்தார்.

"அக்கா, கோபமா?"

"டீ போடவா, வேண்டாமா? அதைச் சொல்லு."

"போடு அக்கா. உன் கையால குடிச்சு எவ்வளவு நாளாச்சு."

என் மகள் அறையிலிருந்து வந்து அவருக்கு எதிரே அமர்ந்தாள்.

"ஏம்மா பாப்பா, மாமாகிட்டப் பேச மாட்டியா? உன்னைத் தோள்ல தூக்கிச் சுமந்தவன் நான்."

"அதனாலதானே மாமா உள்ள கூட்டிட்டுப் போனேன்."

அவர் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். "புரிஞ்சுக்கோ. யாரோ ஒருத்தர் தலை உருண்டே ஆகணும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. அமைச்சர் தலையா, உன் தலையான்னு வந்தா, எது உருளும்? வேற யாராவது குழுத் தலைவரா இருந்திருந்தா, உன்மேல வழக்கே போட்டிருப்பாங்க. நான்தான் போராடி இடமாற்றத்தோட நிறுத்தினேன்."

"அன்னைக்கு அறையில நான் சொல்லாம இருந்திருந்தா?"

"சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சே இருக்காதே" என்றார் பட்டென்று. சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கோப்பை பாதி வழியில் நின்றது.

"அதேதான் மாமா" என்றாள் என் மகள். "இதை நாடு முழுக்க எல்லாப் பொறியாளரும் டிவியில பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாங்க."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, அன்னைக்கு வாசல்ல அவ கையைப் பிடிச்சுக் கண் கலங்கினீங்களாமே. அது நடிப்புதானே?"

"சத்தியமா இல்ல அத்தான்" என்றார். "உண்மையாவே நெகிழ்ந்து போயிட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிந்தது. நடிப்பு என்று ஒப்புக்கொண்டிருந்தால் அவரை ஒருவேளை என்றேனும் மன்னித்திருப்பேன். அந்த அறையின் அருமையை நன்றாக உணர்ந்த பின்னரே அதை விற்றிருக்கிறார்.

என் மனைவி வந்து அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள்.

"இன்னும் குடிக்கல அக்கா."

"ஆறிப்போச்சு."

"சூடாத்தானே இருக்கு."

"எனக்கு ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிறகு அவர் காரில் ஏறும்போது பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் வைத்தாள். "உங்க ஐயாவோடது. மறந்துட்டுப் போறார்" என்றாள் அந்த ஓட்டுநரிடம். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடந்த வாரம் ஒலிபெருக்கி வந்தார். பிற்பகல் நேரம். என் மகள் விடுப்பில் வீட்டில் இருந்தாள். கதவைத் தட்டிய ஓசையே எனக்குக் கேட்கவில்லை. என் மனைவிதான் திறந்தாள். அவர் உள்ளே வந்து, நாங்கள் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, சன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். என் மனைவி அடுக்களை வாசலில் நின்றுகொண்டாள். பிறகு பேசத் தொடங்கினார். எனக்குத் திகைப்பாக இருந்தது. அவர் கிசுகிசுத்தார். அந்தக் குரலுக்குள் அப்படியொரு சிறிய குரல் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவருடைய நீரேற்று நிலையத்தில், குடிநீரில் கலக்கும் குளோரின் அளவைக் கணினி முடிவு செய்யும். யாரோ வெளியிலிருந்து புகுந்து அந்த அளவைப் பன்மடங்கு கூட்டிவிட்டார்கள். முள் ஏறுவதைப் பணியாளர் ஒருவர் பார்த்துக் கையால் அடைப்பானைத் திருகி நிறுத்தியதனால் எவருக்கும் தீங்கில்லை. எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததற்கு இரண்டு நாள் முன்பு அதற்கு மீளாய்வு நடந்திருந்தது.

"கூடை இல்ல மேடம்" என்றார். "மேசை நடுவுல ஒலிப்பதிவுக் கருவி. உங்க மாமா தலைமை நாற்காலியில. 'யார் முதல்ல ஆரம்பிக்கறீங்க'ன்னு கேட்டார். பழக்கதோஷம், எல்லாரும் அவரையே பார்த்தோம். மூத்தவர்தானே முதல்ல சொல்லணும்? 'நான் வந்தே கொஞ்ச நாள்தானே, நான் என்ன தப்பு பண்ணியிருக்க முடியும்'னு சிரிச்சார். ஒருத்தரும் சிரிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒவ்வொருத்தரா எழுந்து, 'என் பக்கம் எல்லாம் சரியா இருந்தது'ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. நானும் சொன்னேன். வெளிநாட்டுச் சதின்னு பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லிட்டார்."

"உங்க பக்கம் சரியாத்தான் இருந்ததா?"

அவர் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். "இல்ல. தூரத்துலேர்ந்து இயக்கற கருவி ஒண்ணு புதுசா மாட்டினோம். பெட்டியிலேர்ந்து எடுக்கறப்போ என்ன கடவுச்சொல் இருந்ததோ, அப்படியே விட்டுட்டேன். மாத்தணும்னு நினைச்சேன். மாத்தல. அந்த வழியாத்தான் வந்திருக்காங்க."

"இப்ப?"

"அன்னைக்கே மாத்திட்டேன். ஆனா அதே கருவிதான் மேடம் எல்லா நிலையத்துலயும். ஒரே வண்டியில வந்து இறங்கினது. அவங்களும் மாத்தியிருக்க மாட்டாங்க." தலை நிமிர்ந்தார். "எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். தூக்கம் வரல. உங்ககிட்டக் கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன். எழுந்து சொல்லிடவா?"

நான் என் மகளைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

"பேர் இல்லாம எச்சரிக்கை போகாது" என்றாள். "பேர் போட்டா, குடிநீர்ல விஷம் கலக்க வழி விட்டவர்னு நாளைக்கு உங்க படம் வரும். அமைச்சர் எந்தக் கோப்புல எதை மறுத்தார்னு யாரும் தேட மாட்டாங்க."

"மத்த நிலையத்துக்காரங்களுக்கு நானே போன் போட்டு, பேர் சொல்லாம..."

"உங்க குரல் யாருக்குத் தெரியாது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று. "அப்ப நீங்க சொல்லுங்களேன்."

"நாற்காலி வாங்கறவளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு முதல்ல அதைத்தான் கேப்பார் மாமா. நீங்க இங்க வந்து போனதை விசாரிக்க அவருக்கு அரை நாள் ஆகாது."

"அப்ப என்னதான் பண்றது?"

அவள் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க கதவைப் பூட்டிட்டீங்க இல்ல? அது போதும். சொல்லாதீங்க."

பயந்தால் மறைப்பார்கள், மறைத்தால் அடுத்த வீடும் போயிற்று என்று எனக்குப் பாடம் நடத்திய அதே வாய். எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் பொறுக்காத எனக்கு, அவளைத் திருத்த நாக்கு எழுந்தது. என்ன சொல்லித் திருத்துவது? உண்மையைச் சொல் என்றா? சொன்னவளைத்தான் நாட்டுக்கே காட்டினார்களே. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த அறையில் அன்று மூன்று பேர் வாயை மூடிக்கொண்டோம்.

அவர் எழுந்தார். "வர்றேன் மேடம். வர்றேன் சார்" என்றார், அதே சிறிய குரலில். வாசல்வரை போய்த் திரும்பி, "அன்னைக்குத் தாழ்வாரத்துல நான் சொன்னேன் இல்ல மேடம்" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. என் மகளின் முகத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

சற்று நேரத்தில் குழாயில் நீர் வந்தது. என் மனைவி குடத்தை வைத்துத் திறந்துவிட்டாள். எங்கள் தெருவுக்கு நீர் வருவது ஒலிபெருக்கியின் நிலையத்திலிருந்து இல்லை. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள வேறொரு நிலையத்திலிருந்து. குடம் நிறைந்த பின்னும் அவள் அதைத் தூக்கவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் மகளைப் பார்த்தாள். என் மகள் எழுந்து வந்து தானும் குனிந்து முகர்ந்தாள்.